தையல்நாயகியின் வலது கை

தீபாவளி கழிந்த இரண்டாவது சனிக்கிழமை காலை, டொரொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில் பதினான்காவது மாடிக் கதவை யாரோ தட்டிய தட்டலில், உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தவமணி பாதித் தேநீரைச் சாஸரில் கொட்டிவிட்டாள். அவளுக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. இப்படித் தட்டுகிறவர்கள் சும்மா வருவதில்லை என்பது அவள் அனுபவம்.

அந்த வீட்டில் குடியிருக்கும் திருவேங்கடம் சென்னையில் போலீஸ் கைரேகைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மகளோடு டொரொன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர். தவமணி யாழ்ப்பாணத்துக்காரி, நர்ஸ், ஒரு மாடி கீழே குடியிருப்பவள். வாரம் ஒரு தடவை அவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வருகிறாள் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். போன வருஷம் காணாமல்போன ஒரு கல்யாண மோதிரத்தை அவர் நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்துக் கொடுத்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனம் வருவதில்லை.

வந்தவர் பக்கத்துக் கட்டடத்துத் தட்சிணாமூர்த்தி. எஞ்சினியர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் நடமாடுகிற மனிதர், அன்று மேல்கோட்டின் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"சார், எங்க அப்பான்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் கிளம்பியிருக்கான்" என்றார் உட்காருவதற்கு முன்பே.

"வந்தா நல்லதுதானே தம்பி?"

"எங்க அப்பா செத்து முப்பத்து மூணு வருஷமாச்சு சார்."

தவமணி தேநீரை மறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி சொன்ன கதை இது. அவருடைய அப்பா சபாபதி, மாயவரத்துப் பக்கம். 1940 ஆவணியில் கல்யாணம். 1941 தை மாதம் ரங்கூன் அரிசி மில் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்துக் கப்பல் ஏறினார். அப்போது மனைவி தையல்நாயகிக்குப் பதினாறு வயது, ஐந்து மாதக் கர்ப்பம். அந்த வருஷக் கடைசியில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஆயிரமாயிரம் பேர் அஸ்ஸாமுக்குக் காட்டு வழியே நடந்தார்கள். அடுத்த ஆடியில் ஊர் திரும்பிய ஒருவர், சபாபதி வழியிலேயே போய்விட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். தாலி இறங்கியது. குழந்தை தட்சிணாமூர்த்தி அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தான்.

"இப்ப ரெண்டு வாரம் முன்னாடி சர்ச் ஹால்ல தமிழ்ச் சங்கத் தீபாவளி விருந்து. அடுப்புச் சூடு தாங்காம அம்மா கம்பளிச் சட்டையைக் கழட்டிட்டுப் பரிமாறினாங்க. அவங்க வலது கையில அப்பா பேரு பச்சை குத்தியிருக்கும். பந்தியில ஒரு தாடிக்கார ஆள் பாதிச் சாப்பாட்டில எழுந்து போயிட்டான். மூணாம் நாள் இது வந்தது."

கடிதத்தைத் திருவேங்கடம் வாங்கி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தவமணிக்கும் கேட்கும்படி வாசித்தார்.

'அன்புள்ள தம்பிக்கு. சங்கத்தில் உங்கள் விலாசம் கேட்டு எழுதுகிறேன். விருந்தில் பரிமாறிய அம்மாளின் வலது கையில் என் பெயரைக் கண்டேன். நான் கப்பல் ஏறியபோது அந்தக் கையில் கோலம் மட்டுமே இருந்தது, பெயர் இல்லை. அது தையல்நாயகிதான் என்றால், அவள் உயிரோடு இருப்பதே எனக்குப் போதும். பார்க்க விரும்பினால் வருகிறேன். இல்லையென்றால் தொந்தரவு செய்ய மாட்டேன். சபாபதி.'

கடிதத்தின் கீழே, பார்க்டேல் பகுதியில் ஒரு மாலுமிகள் விடுதியின் விலாசமும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

"இங்கதான் சார் மாட்டிக்கிட்டான்!" என்றார் தட்சிணாமூர்த்தி. "பேரு கல்யாணமான மறுமாசமே குத்தினது. அப்பா பக்கத்தில உக்காந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாராம். நான் சின்னப் பிள்ளையிலேருந்து கேட்ட கதை. அப்புறம், அப்பாவோட வலது கையில தேள் பச்சை இருக்கும்னு அம்மா சொல்லுவாங்க. விடுதிக்கே போனேன். கையைக் காட்டுன்னேன். தேளும் இல்ல, பூரானும் இல்ல, ஒரு நங்கூரம் இருந்தது. ஒரு வார்த்தை பேசாம திரும்பிட்டேன்."

"ஊர் பேரெல்லாம் சரியாச் சொன்னாரா?"

"ஊரு, தெரு, தாத்தா பேரு எல்லாம் சரி. அதை எந்த ஊர்க்காரனும் சொல்லுவானே. கப்பல்லேருந்து குதிச்சு, காகிதம் இல்லாம இங்கேயே தங்கிட்ட ஆள் சார். கேஸ் போட்டு வெளியே தள்ளுறதுக்குள்ள, இங்கே ஒரு மகன் கிடைச்சா ஸ்பான்சர் கிடைக்கும். அதான் கணக்கு."

"அம்மா இந்த லெட்டரைப் படிச்சாங்களா?"

"காட்டலை சார். ஒருத்தன் அப்படிச் சொல்றான்னு மட்டும் சொன்னேன். அன்னியிலேருந்து சரியாச் சாப்பிடலை. 'ஆமான்னா ஆமான்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, ரெண்டுங்கெட்டானா என்னை உக்கார வைக்காதே'ங்கிறாங்க. அவங்க வெள்ளைப் புடவை கட்டி எத்தனை வருஷம்! ஒரு ஏமாத்துக்காரனை நம்பி அவங்க பொட்டு வச்சுக்கிட்டு, நாளைக்கு அது பொய்னு ஆனா... அவங்க தாங்க மாட்டாங்க சார். நானும் தாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். தவமணிக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

அரைமணி நேரத்தில் மூவரும் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்கள். தட்சிணாமூர்த்தியின் மனைவி பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்ததால் வீட்டில் தையல்நாயகி மட்டும்தான். ஐம்பது வயதுக்கு மெலிந்த உடம்பு, நிமிர்ந்த பார்வை. ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் தவமணி அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்கையின் உட்பக்கத்தில் மணிக்கட்டருகே புள்ளிக்கோலம். வருஷங்களில் கோடுகள் பரவி மங்கியிருந்தன. அதற்கு மேலே நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் பெயர். 'சபா' என்று இரண்டு எழுத்து, இரண்டு விரல்கடை இடைவெளி, பிறகு 'பதி'. இடைவெளியில் வழவழப்பாக, பழைய கால் ரூபாய் அளவில் ஒரு தீத்தழும்பு. நான்கு எழுத்தும் முழுசாக, ஒரு புள்ளிகூடக் கெடாமல் இருந்தன. குத்திய குறத்திக்கு அளவு பிடிபடவில்லை போலிருக்கிறது என்று தவமணி நினைத்துக்கொண்டாள்.

"கோலம் ஏழு வயசில குத்தினது" என்றார் தையல்நாயகி. "பச்சை குத்தாத பொண்ணு கையால தண்ணி வாங்க மாட்டாங்க எங்க பக்கம். செத்தா நகையெல்லாம் கழட்டிடுவாங்க, கூட வர்றது இது ஒண்ணுதான்னு சொல்லுவாங்க."

"பேரு எப்பம்மா குத்தினது?" என்று கேட்டார் திருவேங்கடம்.

தையல்நாயகி மகனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "கல்யாணமான மறுமாசம். அவங்க பக்கத்தில இருந்தாங்க. புருஷன் பேரை வாயால சொல்லக்கூடாதில்லையா ஐயா? யாராவது கேட்டா கையைக் காட்டிடலாம். இந்த ஊரு ஏர்போர்ட்லகூட ஆபீஸர் கேட்டான், கையை நீட்டினேன். அவன் பயந்துட்டான். இங்கே மாலுமியும் மோட்டார்சைக்கிள்காரனும்தான் குத்திக்குவாங்களாமே."

தவமணி சிரித்தாள். திருவேங்கடம் தழும்பைக் காட்டினார். "இது?"

"அது என் கைங்கரியம் சார்" என்றார் தட்சிணாமூர்த்தி. "நடக்கப் பழகறப்ப கொதிக்கிற கஞ்சிப்பானையைப் பிடிச்சு இழுத்தேனாம். பானை என்மேல சாயாம அம்மா கையைக் குறுக்கே கொடுத்திட்டாங்க."

"வந்தவரை நேரில் பார்த்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமாம்மா?"

தையல்நாயகி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "ஆறு மாசம் ஐயா. கூட்டுக் குடும்பம். பகல்ல ஒரு தடவைகூட நேருக்கு நேர் நின்னு முகத்தைப் பார்த்ததில்லை. தேள் ஒண்ணுதான் நல்லா ஞாபகம் இருக்கு."

அன்று மதியம் க்வீன் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் திருவேங்கடமும் தவமணியும் பார்க்டேலுக்குப் போனார்கள். விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார் அந்தத் தாடிக்காரர். அறுபது தாண்டாத வயது, முன்பற்கள் போய்விட்டிருந்தன. தமிழ்க் குரல் கேட்டதும் சட்டென்று எழுந்து நின்றவர், தையல்நாயகியின் வீட்டிலிருந்து வருகிறோம் என்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அவ நல்லா இருக்காளா?" என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

திருவேங்கடம் அவசரப்படவில்லை. உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார், குளிரைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, இங்கே குடியிருக்கக் காகிதங்கள் எப்படி என்று கேட்டார். "எழுபத்து மூணுல, காகிதம் இல்லாதவங்கல்லாம் வந்து பதிஞ்சுக்குங்கன்னு கவர்மெண்டே அறுபது நாள் கெடு கொடுத்தாங்களே, அப்பவே பதிஞ்சிட்டேன்" என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டினார் தாடிக்காரர். பிறகு, "நங்கூரம் பலே ஜோராயிருக்கே, எந்தத் துறைமுகத்தில?" என்றார் திருவேங்கடம்.

தாடிக்காரர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஹாலிஃபாக்ஸ்ல. இது சும்மா மேல் பூச்சுங்க ஐயா. அடியில தேள் இருக்கு. தேள் குத்திக்கிட்டா தேள் கொட்டாதுன்னு சின்ன வயசில எங்கம்மா குத்தி வச்சது. கப்பல்ல சமையல்காரனா சேர்ந்தப்போ, கையில தேளோட பரிமாறினா சோறு இறங்கலைன்னாங்க கூட இருந்த பசங்க. ஒருநாள் எல்லாரும் சேர்ந்து இழுத்துக்கிட்டுப் போய் நங்கூரமா மாத்திட்டாங்க."

தவமணி குனிந்து பார்த்தாள். நங்கூரத்தில் சுற்றியிருந்த கயிறு மட்டும் மற்றக் கோடுகளைவிட வெளிறிப் பச்சையாக இருந்தது. அதன் நுனி கயிற்றுக்குத் தேவையில்லாத ஒரு கொக்கியாக மேலே வளைந்திருந்தது.

காட்டு வழியில் காய்ச்சலில் விழுந்து பிழைத்ததாகவும், நாற்பத்தாறில்தான் ஊருக்குப் போக முடிந்ததாகவும், மனைவியும் குழந்தையும் காலராவில் போய்விட்டார்கள் என்று அண்ணன் சொன்னதாகவும், அன்றைக்கே திரும்பிவிட்டதாகவும் அவர் சொன்னார். பிறகு கடல்தான். வேறு கல்யாணமா என்று தவமணி கேட்டே விட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஸ்ட்ரீட்காரில் தவமணியால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "தேள் சரியா வருது அங்கிள். ஆனா பெயர் விஷயத்திலை அந்தாள் பிழையாச் சொல்லிப்போட்டார். பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சவருக்கு அது மறக்குமே? எனக்கெண்டால் தேளும் ஊரிலை ஆரோ சொல்லிக் கேட்டதாத்தான் இருக்கும். கள்ளன்தான்."

"தேளை விடு. எங்க பக்கத்தில பத்து ஆம்பளையில ரெண்டு பேர் கையில தேள் இருக்கும். அது இருந்தாலும் ஒண்ணும் இல்லை, இல்லாட்டியும் ஒண்ணும் இல்லை."

"அப்ப எதை வைச்சுச் சொல்லப்போறியள்?"

"நீ காலையில மடியில வச்சுக்கிட்டிருந்தியே, அதை வச்சுத்தான்."

தவமணி வீடு வரும்வரை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். ஒன்றும் விளங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குத் தையல்நாயகியின் வீட்டுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். தட்சிணாமூர்த்தி பெரிய தீர்ப்புக்குக் காத்திருப்பவராகக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். தையல்நாயகி யாரையும் பார்க்கவில்லை.

"முதல்ல ஸ்பான்சர் விஷயம்" என்று தொடங்கினார் திருவேங்கடம். "அவருக்கு ரெண்டு வருஷமா முறையான காகிதம் இருக்கு. நானே பார்த்தேன். உங்களால அவருக்கு ஆகவேண்டியது ஒண்ணும் இல்லை தம்பி. நாற்பத்தாறில அவர் ஊருக்கு வந்தப்போ, நீங்க ரெண்டு பேரும் காலராவில போயிட்டீங்கன்னு அவர் அண்ணன் சொல்லிட்டாராம். அடுத்தது, லெட்டர். ஒரு ஏமாத்துக்காரன் விருந்தில ஒரு அம்மா கையில புருஷன் பேரைப் பார்க்கிறான்னு வைங்க. அது எப்ப குத்தினதுன்னு நினைப்பான்?"

"கல்யாணத்தப்போதான்."

"எந்தத் தமிழனும் அப்படித்தான் நினைப்பான். நானும் அப்படித்தான் நினைச்சேன். 'உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நான்தானே பக்கத்தில இருந்தேன்'னு எழுதினா மனசு உருகிடும். அவர் அதை எழுதலை. நான் போனப்போ பேரு இல்லைன்னு, தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருக்கார். எனக்கு அங்கேதான் முதல்ல உறுத்திச்சு."

"ஆனா அது பொய்தானே சார்? அம்மாவே சொல்றாங்களே!"

திருவேங்கடம் தவமணி பக்கம் திரும்பினார். "அந்தப் பேருக்கு நடுவில என்ன இருந்தது?"

"தழும்பு அங்கிள்."

"எழுத்து கெட்டிருந்ததா?"

"இல்லை. நாலும் முழுசா..." தவமணி பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் பொறி தட்டியது. நர்ஸாக எத்தனை தீப்புண் பார்த்திருக்கிறாள்! "ஐயோ! பெயர் முதல் இருந்து, பிறகு சுட்டிருந்தால், நடு எழுத்துகள் தோலோடை வெந்து போயிருக்கும்! இது தழும்புக்கு அங்காலையும் இங்காலையும் விலத்தி எழுதியிருக்கு. அப்ப தழும்புதான் முதல், பெயர் பிறகு!"

"தழும்பு எப்ப வந்தது?"

"மூர்த்தி அண்ணை நடக்கப் பழகேக்கை."

"மூர்த்தி பிறக்கறதுக்கு முன்னாடியே சபாபதி கப்பல் ஏறிட்டார்" என்றார் திருவேங்கடம் மெதுவாக. "அவர் போனப்போ அந்தக் கையில பேரு இருந்திருக்கவே முடியாது. அது இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும். ஒருத்தர் அதை லெட்டர்ல எழுதினார். இன்னொருத்தர் மகன்கிட்ட வேற மாதிரி சொல்லி வச்சிருந்தாங்க. தம்பி, லெட்டரை அம்மாகிட்ட கொடுங்க. முதல் நாளே நீங்க கொடுத்திருந்தா நான் இந்தக் குளிர்ல பார்க்டேல் போயிருக்க வேண்டாம்."

தட்சிணாமூர்த்தி கடிதத்தை நீட்டினார். தையல்நாயகி அதை விளக்கருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தார். 'கோலம் மட்டுமே இருந்தது' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு கடிதத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொய் சொன்னது அவங்க இல்ல மூர்த்தி" என்றார். "நான்தான்."

"எதுக்கும்மா?"

"சாவுச் சேதி வந்ததும் வீட்டில அந்தப் பேரைச் சொல்லக்கூடாதுன்னு உன் பாட்டி சொல்லிட்டாங்க. கேட்டா அவங்களுக்கு நெஞ்சு அடைச்சிடும். எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. நான் எப்பவும் சொல்லக்கூடாதவ. உனக்கு மூணு வயசானப்போ, எங்கப்பா பேரு என்னன்னு கேட்டே. எனக்கு வாய் வரலை. சொல்றதுக்கு ஆளே இல்லேன்னா அந்தப் பேரு எங்கேதான் இருக்கும்? ஒருநாள் மத்தியானம் குறத்தியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு சிலேட்டில எழுதிக் காட்டினேன். தழும்புமேல ஊசி சரியா ஏறாது தாயி, ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடறேன்னா."

கடிதத்தை மடியில் வைத்துத் தழும்பைத் தடவியபடி அவரே தொடர்ந்தார்.

"தாலியறுத்தவளுக்குப் பச்சை ஒரு கேடான்னு கேட்டாங்க. பச்சையும் நகைதானே? அன்னைக்கே உன்னையும் என்னையும் வெளியே அனுப்பிட்டாங்க. மெட்ராஸுக்கு வந்து ஹாஸ்டல்ல சமைச்சேன். உன் பெரியப்பா அவங்ககிட்ட நாம செத்துட்டோம்னு சொன்னது அந்த அவமானத்தாலதான் இருக்கும். என்னாலதான் நம்மைத் துரத்தினாங்கன்னு உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். அதான் கல்யாணத்தப்போ குத்தினதுன்னு கதை கட்டினேன். சொல்லிச் சொல்லி, அவங்க பக்கத்தில இருந்த மாதிரியே எனக்கும் ஆயிடுச்சு."

தட்சிணாமூர்த்தி எழுந்து வந்து தாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு குழந்தையாக விம்மினார். பத்து நாளாக அவர் நெஞ்சில் இருந்த பாரம் அத்தனையும் கண்ணீராக வெளியே வந்தது. தவமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய 'கள்ளன்' தீர்ப்பு ஞாபகம் வந்து காது சூடேறியது. நல்ல வேளையாகத் திருவேங்கடம் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"தம்பி, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் அவர். "நீங்க ஒரு வார்த்தை பேசாம திரும்பி வந்ததிலேருந்து அந்த மனுஷன் விடுதியை விட்டு எங்கேயும் போகலையாம். ஒருவேளை போன் வந்தா என்ன செய்யறதுன்னு."

தட்சிணாமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியருகே போனார். எண்ணை இரண்டு தடவை தப்பாகச் சுழற்றினார். மூன்றாவது தடவை மணி அடித்தது. யாரோ ஆங்கிலத்தில் எடுத்து, யாரையோ உரக்கக் கூப்பிட்டார்கள். காத்திருந்த நேரத்தில் அவர் உதடுகள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைத் தவமணி கவனித்தாள். முப்பத்து நான்கு வயதுவரை யாரையும் பார்த்து ஒரு தடவைகூடச் சொல்லியிராத சொல் அது.

மறுமுனையில் குரல் கேட்டது.

"அப்பா" என்றார் தட்சிணாமூர்த்தி. "நான் மூர்த்தி பேசறேன்."

ரிசீவரைக் கையில் பிடித்தபடி தாயைப் பார்த்தார்.

தையல்நாயகி ஏற்கெனவே எழுந்து, கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சமையலறை விளக்கைப் போட்டிருந்தார்.

"ஸ்ட்ரீட்கார் வர நேரமாகும், டாக்சி பிடிச்சு வரச் சொல்லு" என்றார் அரிசியை அளந்தபடி. "அங்கே ஒண்ணும் சாப்பிடாம வரச் சொல்லு."